தில்லித் தமிழ்க் கதைகளில் பாராபுல்லாக் கரை ஏன் இல்லை?

மயூர் விஹார் வாசகன் (கேள்வி):

நண்பர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடி, தில்லியைக் களமாகக் கொண்ட தமிழ்ப் புனைகதைகளை வரிசையாக வாசித்து வருகிறோம். ஆதவனின் 'காகித மலர்கள்', இந்திரா பார்த்தசாரதியின் 'தந்திர பூமி', 'சுதந்திர பூமி' ஆகியவற்றை முடித்துவிட்டோம். இவற்றில் வரும் தமிழர்கள் ஏதோ ஒரு வகையில் தலைநகரோடு ஒட்டாதவர்கள். அலுவலக அறைகளிலும் விருந்துக் கூடங்களிலும் தங்களுக்கென ஒதுக்கப்பட்ட வேடத்தை அணிந்துகொண்டு, அந்த வேடம் கழன்றுவிடுமோ என்று அஞ்சியபடியே நடமாடுகிறார்கள். அந்த அச்சத்தை ஆதவன் அளவுக்கு நுட்பமாக எழுதியவர்கள் தமிழில் குறைவு என்பதே என் எண்ணம்.

எனினும் வாசிக்க வாசிக்க ஓர் ஐயம் வலுக்கிறது. 2025 ஜூன் 1 அன்று, உயர் நீதிமன்ற உத்தரவின்படி, ஜங்புரா அருகே பாராபுல்லா வடிகாலை ஒட்டியிருந்த மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள் இருந்த அந்தக் குடியிருப்பில் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை என்று அறிவிக்கப்பட்டு, அவர்களுக்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் இடம் ஒதுக்கப்பட்டது. அறுபதுகளின் இறுதியிலிருந்து தமிழர்கள் அங்கே வாழ்ந்து வந்தார்கள் என்பதே எங்கள் குழுவில், தில்லியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக்கூடப் புதிய செய்தியாக இருந்தது. நாங்கள் படித்த நாவல்களின் காலமும் ஏறக்குறைய அதே காலந்தான்.

அந்த மக்களைப் பற்றிய நாவலோ சிறுகதையோ தமிழில் இருந்து எங்கள் கண்ணில் படாமல் போயிற்றா? இல்லையென்றால், அது எழுத்தாளர்களின் அனுபவ எல்லையால் நேர்ந்ததா, அல்லது 'தில்லித் தமிழர்' என்றால் யார் என்பதை நம் சமூகம் முன்பே முடிவுசெய்துவிட்டதன் விளைவா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

---

பழைய கரோல்பாக்:

எழுபதுகளின் தொடக்கத்தில் மத்திய அரசின் குமாஸ்தாவாக இந்நகருக்கு வந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் அக்காலத்து எழுத்தாளர்கள் எங்கே நின்றுகொண்டு எழுதினார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். தமிழர்களில் பெரும்பகுதியினர் அரசு அலுவலகங்களை நம்பி இங்கு வந்தவர்கள். ஆங்கிலேயர் காலத்தில் அரசாங்கம் கோடையில் சிம்லாவுக்கும் குளிர்காலத்தில் தில்லிக்குமாக இடம்பெயர்ந்தபோது, அதன் பின்னாலேயே பெட்டி படுக்கையுடன் அலைந்த குமாஸ்தாக்களின் பிள்ளைகளுக்காகத்தான் 1920களில் ஒரு கல்விச் சங்கம் தொடங்கப்பட்டது. அது வளர்ந்து இன்று ஏழு தமிழ்ப் பள்ளிகளாக நிற்கிறது. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946இல் வந்தது. ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரில் 1973இல் சுவாமிநாதன் எழுந்தருளினார். பள்ளி, சங்கம், கோயில் என்ற இந்த மூன்றும் இல்லாதிருந்தால் எங்களில் பலர் பைத்தியம் பிடித்து ஊர் திரும்பியிருப்போம்.

எங்களை இந்நகரம் எவ்வாறு நடத்தியது என்பதையும் சொல்ல வேண்டும். கரோல்பாக்கில் மொட்டைமாடி அறைகளை, இங்கே பர்சாத்தி என்பார்கள், மதராஸிகளுக்கு வாடகைக்கு விடுவதைப் பஞ்சாபி வீட்டுக்காரர்கள் விரும்பவே செய்தார்கள். நாங்கள் வாடகையை ஒழுங்காகக் கொடுப்போம், சொன்ன தேதியில் காலிசெய்துவிடுவோம், சண்டைக்கு வரமாட்டோம். அதே வீட்டுக்காரர் தம் மகளின் கல்யாணத்துக்குத் தெருவையே அழைத்துவிட்டு எங்களுக்கு மட்டும் மறுநாள் ஒரு டப்பாவில் லட்டு அனுப்புவார். அதில் வன்மம் எதுவும் இருந்ததாக நான் கருதவில்லை. நாங்கள் அவருடைய கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான்.

அரசுக் குடியிருப்புக்கு மாறிய பின்னரோ இன்னொரு வகைக் கணக்கு தொடங்கியது. டைப் இரண்டு, டைப் மூன்று, டைப் நான்கு என்று சம்பளத்தை வைத்து வீடுகளைப் பிரித்த நகரம் இது. முகவரியைச் சொன்னாலே மாதச் சம்பளம் தெரிந்துவிடும். டைப் இரண்டு வீட்டுப் பெண்மணியும் டைப் நான்கு வீட்டுப் பெண்மணியும் ஒரே கோயில் வரிசையில் நிற்பார்கள். ஒரே வரவேற்பறையில் உட்கார மாட்டார்கள். ஆதவனின் பாத்திரங்கள் சதா தங்களைப் பிறர் பார்வையில் அளந்துகொண்டே இருப்பதற்கு, இருத்தலியம் முதலிய பெரிய விளக்கங்களோடு, இந்தக் குவார்ட்டர்ஸ் வரிசையும் ஒரு காரணம் என்பது என் துணிபு. திறனாய்வாளர்கள் இதை ஏன் கவனிப்பதில்லை என்று தெரியவில்லை.

எழுத்தாளன் தான் உண்டு உறங்கி அவமானப்பட்ட இடத்திலிருந்துதான் எழுத முடியும். அறியாத வாழ்க்கையை இரக்கத்தின் பேரால் எழுதப் புகுந்திருந்தால், பொய்யான ஏழைகள் நிறைந்த நாவல்களே நமக்கு மிஞ்சியிருக்கும். மேலும், 'சுதந்திர பூமி'யின் நாயகன் அரசியல் புள்ளி ஒருவரின் வீட்டில் சமையல்காரனாக நுழைபவன்தானே? உழைப்பவனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நம் அமைப்புகளும் எவரையும் வாசலில் தடுத்து நிறுத்தியதாக எனக்கு நினைவில்லை.

---

நிஜாமுதீன் பாலம்:

ஐயா அவர்கள் மிகுந்த நேர்மையோடு எழுதியிருக்கிறார். அந்த மரியாதையோடுதான் மறுக்கிறேன்.

நான் அந்தக் கேம்பில் வளர்ந்தவள். என் பெற்றோர் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அப்பா கட்டட வேலைக்குச் சென்றார். அம்மா விடியற்காலையிலேயே கிளம்பி, வடிகாலின் மேல் இருந்த பாலத்தைக் கடந்து, சுற்றுவட்டாரக் காலனிகளில் வீட்டு வேலை செய்தார். அவற்றில் தமிழ் வீடுகளும் இருந்தன. ஆகவே எங்கள் வாழ்க்கையை அறிய வாய்ப்பில்லாமல் போயிற்று என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தினமும் காலை ஏழு மணிக்கு நாங்கள் அவர்களுடைய அடுக்களையிலேயே இருந்தோம். கதவைத் திறந்துவிட்டவர்களும் அவர்களே.

ஒரு வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த வீட்டம்மாள் அடுக்களையில் அம்மாவிடம் தமிழில் பேசுவார். கூடத்தில் விருந்தினர் இருந்தால் அதே அம்மாவிடம் இந்தியில் ஏவுவார். விருந்தினரும் தமிழர்களாகவே இருப்பார்கள். நவராத்திரியில் கொலு வைப்பார்கள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெண்மணியை அழைத்து, பாய் விரித்து உட்காரவைத்து, குங்குமம் கொடுத்து, வெற்றிலை பாக்கோடு ரவிக்கைத் துணியும் தேங்காயும் தட்டில் வைத்து நீட்டுவார்கள். வெற்றிலையை என்ன செய்வதென்று தெரியாமல் அந்த அம்மையார் விழிப்பார். அதே ஒன்பது நாளும் சுண்டல் பாத்திரம் தேய்த்த என் அம்மா, தாலி கட்டிய தமிழ்ப் பெண், ஒரு நாளும் அந்தப் பாயில் உட்கார அழைக்கப்படவில்லை. பின்பக்கத்து மாடிப்படி வழியாக இறங்கும்போது ஒரு பிளாஸ்டிக் பையில் சுண்டல் வரும். அந்த வீட்டார் கெட்டவர்கள் என்று அம்மா சொன்னதே இல்லை. எனக்குப் பள்ளிச் சீருடை எடுத்துக்கொடுத்தவர்களும் அவர்களே. மொழி ஒன்றாக இருப்பதால் மட்டும் ஒருவரோடு ஒருவர் உறவாகிவிட முடியாது என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

'சுதந்திர பூமி'யை நானும் படித்திருக்கிறேன். அந்தச் சமையல்காரன் படித்த இளைஞன். அடுக்களையிலிருந்து அதிகாரத்தை நோக்கி ஏறிச் செல்வதற்காகவே ஆசிரியர் அவனை அங்கே வைத்திருக்கிறார். அவன் சமைக்கலாம். என் அம்மா அந்த வீடுகளில் பலவற்றில் அடுப்பைத் தொட அனுமதிக்கப்பட்டதில்லை. பாத்திரம் தேய்ப்பவளுக்கும் சமைப்பவருக்கும் இடையே இருந்த தூரம் சாதியின் தூரம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் கேம்பை ஒரே மனமாய் வாழ்ந்த ஏழைகளின் ஊராகக் கற்பனை செய்துகொள்வதும் சரியாகாது. அங்கும் சாதி பார்த்தே பெண் எடுத்தார்கள். மேட்டில் இருந்த வீட்டுக்காரர்கள், மழைக்காலத்தில் தண்ணீர் புகும் வடிகால் ஓரத்து வீட்டுக்காரர்களை ஒரு படி கீழாகவே பார்த்தார்கள். இதையெல்லாம் எழுதக்கூடிய நாவலாசிரியர் ஒருவர் வாய்த்திருந்தால் எங்களுக்கும் சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

மாற்று வீட்டுக்குத் தகுதியானவர்களைக் கணக்கெடுத்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. தில்லியின் 2015ஆம் ஆண்டுக் கொள்கைப்படி, குடியிருப்பு 2006 ஜனவரி 1க்கு முன்பும், குறிப்பிட்ட வீடு 2015 ஜனவரி 1க்கு முன்பும் இருந்ததை ஆவணங்களால் காட்ட வேண்டும். எங்கள் பெரியவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டுமே உண்டு. இந்தியில் எழுதிக்கொண்ட எவரோ ஓர் அட்டையில் அந்த எழுத்தை விட்டுவிட்டார். இன்னொருவர் கணவன் பெயரைப் பின்னால் ஒட்டிவிட்டார். எங்கள் உறவில் ஒரு பெரியம்மா மூன்று அட்டைகளில் மூன்று பெண்களாக இருந்தார். பட்டியலில் அவர்களில் ஒருவரும் இல்லை.

தகுதி பெற்றவர்களின் நிலையும் எளிதன்று. நரேலாவிலிருந்து காலை ஏழு மணிக்கு ஜங்புராவுக்கு வந்து பாத்திரம் தேய்க்க முடியாது. லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்துவந்த பிள்ளைகளுக்கு அங்கே தமிழ்ப் பள்ளியும் இல்லை. எனவே ஒதுக்கப்பட்ட வீட்டைப் பூட்டிவிட்டு ஜங்புராவை அடுத்த ஆசிரமம் என்ற பகுதியில் ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கும் குடும்பங்களை நான் அறிவேன். எங்களை வாசலில் யாரும் தடுத்ததில்லை என்று ஐயா எழுதியிருப்பது உண்மை. அந்த வாசலுக்கு வர வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. தோன்றாமற்போனதற்கு என்ன காரணம் என்பதையும் அவர் யோசித்துப் பார்க்க வேண்டும்.

---

ஆய்வு மாணவி:

தமிழ் இலக்கியம் பயில்பவள் என்ற முறையில், அசல் கேள்விக்கு வருகிறேன். பாராபுல்லாக் கரையை மையமாகக் கொண்ட தமிழ் நாவல் எதையும் நான் வாசித்ததில்லை. ஆனால் நகரத்தை இரண்டாகப் பார்க்கும் கண் நம் மொழிக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் இளங்கோ புகாரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்று பிரித்தே காட்டுகிறார். மீன் விற்போர், உப்பு விற்போர், கள் விற்போர், கொல்லர், தச்சர், கடல் கடந்து வந்த யவனர் எல்லோரும் மருவூர்ப்பாக்கத்தில் இருக்கிறார்கள். அரச வீதியும் பெருவணிகர் மாடங்களும் அந்தணர் இருக்கைகளும் பட்டினப்பாக்கத்தில். இரண்டுக்கும் நடுவே மரநிழலில் நாளங்காடி. நம்முடைய தில்லி நாவல்கள் பட்டினப்பாக்கத்தை மட்டும் எழுதின. இளங்கோ இரண்டையும் பெயர் சொல்லி எழுதினார். ஆகவே மரபில் இல்லாததை நாம் கேட்கிறோம் என்ற சமாதானம் எடுபடாது.

'குருதிப்புனல்' இவ்விடத்தில் முக்கியமான சான்று. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் விவசாயக் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையில் வைத்து எரிக்கப்பட்டதை அடிப்படையாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி எழுதிய நாவல் அது. 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதன் மையப் பாத்திரமான கோபால் தில்லியிலிருந்து அந்தக் கிராமத்துக்குச் சென்று தங்குபவர். அவருடைய நண்பர் சிவாவும் தில்லியிலிருந்தே வருகிறார். தில்லியில் பேராசிரியராக இருந்த இந்திரா பார்த்தசாரதி, தில்லிப் பாத்திரங்களைத் தஞ்சைக்கு அனுப்பித்தான் தமிழ் உழைப்பாளியைச் சந்திக்க வைக்கிறார். அதே ஆண்டுகளில் வேறு மாவட்டங்களின் நிலமற்ற உழைப்பாளிகள் ரயிலேறித் தில்லிக்கே வந்துகொண்டிருந்தார்கள். இதை அந்த நாவலின் குறையாக நான் கூறவில்லை. அது துணிச்சலான நாவல். கிராமத்தில் இருக்கும் கூலிக்காரர் வரலாற்றின் பாத்திரமாகத் தெரிகிறார், நம் வீட்டுக்கு வந்துவிட்டால் வேலையாளாக மட்டுமே தெரிகிறார் என்பதைத்தான் சுட்டுகிறேன்.

கரோல்பாக் ஐயாவின் வாதத்தில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. இன்னொருவருக்காக எழுதப்படும் இலக்கியத்தை விட, அவர்களே எழுதுவது மேலானது. மராத்தியில் அது நடந்தது. தலித் எழுத்தாளர்களான நாம்தேவ் தசாலின் 'கோல்பிட்டா' என்ற கவிதைத் தொகுப்பு 1972இலும் தயா பவாரின் 'பலுத்தம்' என்ற தன்வரலாறு 1978இலும் வந்தன. பம்பாயின் சந்துகளில் வாழ்ந்தவர்கள், அம்பேத்கர் இயக்கம் தந்த கல்வியோடும் கோபத்தோடும், அந்த நகரத்தின் மொழியிலேயே எழுதினார்கள். தமிழில் பாமாவின் 'கருக்கு' 1992இலும் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இலும் வந்து, ஊருக்குள் எழுதப்படாமல் கிடந்த வாழ்க்கைகளை முன்னே வைத்தன. அந்த அலை விந்தியத்தைத் தாண்டி ஏன் வரவில்லை என்றால், என் விடை இது: தில்லிக் கேம்புகளின் இரண்டாம் தலைமுறையில் பெரும்பாலோர் இந்திப் பள்ளிகளில் படித்தவர்கள். அவர்கள் எழுதினால் இந்தியில்தான் எழுதுவார்கள்.

இந்தியில் அத்தகைய எழுத்து இருக்கவே செய்கிறது. அங்குர், சராய் ஆகிய அமைப்புகளின் துணையோடு தில்லியின் குடிசைப் பகுதி இளைஞர்கள் எழுதிய 'பஹுரூபியா ஷஹர்' 2007இல் வெளிவந்தது. 2006இல் இடிக்கப்பட்ட யமுனைக்கரைக் குடியிருப்பான நாங்லா மாஞ்சி அதில் பதிவாகியிருக்கிறது. குர்கானில் வீட்டு வேலை செய்த பேபி ஹல்தார் வங்காளியில் எழுதிய தன்வரலாறு, 2002இல் இந்தியில் 'ஆலோ ஆந்தாரி' என்று முதலில் நூலானது. அவர் வேலை செய்த வீட்டின் பெரியவரான பிரபோத் குமார், பிரேம்சந்தின் பேரர். மானிடவியல் பேராசிரியராக இருந்தவர். புத்தக அலமாரியைத் துடைக்கும்போது அந்தப் பெண் புத்தகங்களை எடுத்துப் பார்ப்பதைக் கவனித்து, நோட்டும் பேனாவும் வாங்கிக்கொடுத்து எழுதச் சொன்னார். தில்லியின் தமிழ் எழுத்தாளர் வீடுகளிலும் புத்தக அலமாரிகள் இருந்தன. அவற்றைத் துடைத்தவர்களும் இருந்திருப்பார்கள்.

---

பழைய கரோல்பாக்:

கடைசி இரண்டு வாக்கியங்கள் சற்றுக் கடுமையானவை. ஆயினும் மறுத்துச் சொல்ல என்னிடம் சான்று எதுவும் இல்லை. கேம்பில் வளர்ந்த சகோதரியிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். நீங்கள் இங்கே எழுதியிருக்கும் தமிழ் மிகத் தெளிவானது. இதை நீங்களே ஏன் எழுதக்கூடாது? அச்சிடும் பொறுப்பையும் பிழை திருத்தும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ள என் வயதுக்காரர்கள் சிலர் இன்னும் இருக்கிறோம்.

---

நிஜாமுதீன் பாலம்:

ஐயாவின் அன்புக்கு நன்றி. மாணவி சொன்ன 'ஆலோ ஆந்தாரி'யை நான் இந்தியில் படித்திருக்கிறேன். அந்தப் பெரியவர் செய்தது அரிய செயல். ஆனால் வேலை செய்யும் வீட்டில் நல்ல மனிதர் வாய்ப்பதைப் பொறுத்தே ஒருத்தியின் எழுத்து அமைய வேண்டும் என்றால், அது நல்ல சம்பளம் வாய்ப்பதைப் போல ஓர் அதிர்ஷ்டம் மட்டுமே. தமிழ்ப் பள்ளி இருந்ததால் எனக்குத் தமிழ் வாய்த்தது. என் வயதுப் பெண்களில் பலர் எட்டாம் வகுப்போடு அம்மாவின் பின்னாலேயே வேலைக்குப் போய்விட்டார்கள்.

எழுதாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை உங்களில் யாரும் யோசித்திருக்க மாட்டீர்கள். என் அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கிறாள். வீடு இடிக்கப்பட்ட பிறகு பல நாள் உட்கார்ந்து, அவள் இந்தியில் ஒரு நோட்டு நிறைய எழுதினாள். தமிழ் பேசுவாள், எழுதவராது. நன்றாகவே எழுதியிருக்கிறாள், எங்களை உயர்த்தியும் எழுதவில்லை. தாத்தா உடம்பு சரியில்லாமல் ஊருக்குச் சென்று நீண்ட காலம் தங்கியது, அந்த நாட்களில் முன்னறையை வேறு ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டது, பக்கத்து வீட்டு அத்தை கணவனை விட்டு வந்து எங்களோடு இருந்தது எல்லாம் அதில் வருகின்றன. கதைக்கு அவை வேண்டும். ஆனால் எங்கள் குடும்பத்தின் மேல்முறையீடு இன்னும் முடியவில்லை. தொடர்ந்து அங்கேயே குடியிருந்தோம் என்று காட்டத்தான் அண்ணன் மின்சார ரசீதுகளைத் தேடிக்கொண்டிருக்கிறார். வாடகைக்கு விட்டோம் என்ற ஒரு வரி அச்சில் வந்து, அதை எவராவது எடுத்து நீட்டினால், இருக்கிற வாய்ப்பும் போய்விடும்.

பெயரை மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். 370 வீடுகள் மட்டுமே இருந்த இடத்தில் பெயரை மாற்றினாலும் யார் வீடு என்பது தெரிந்துவிடும். அதனால் நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. வீட்டுச் சாவி கைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.